எண்ணெய் பூசிய பலகையும் பூசாத பலகையும்

டாக்டர் புவனேஸ்வரி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் கார் ஏர்கோன் கடைக்காரர் ஆ மெங். குடும்பத்தார் சொல்லவில்லை. கல்லூரிக்காரர்களும் சொல்லவில்லை. அன்று காலையில் வழக்கம்போல் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருக்கும் அவர் கடைக்குப் போனேன். அவர் சிலிண்டரை வாங்காமல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். “அங்கிள், லு புன்யா டோக்டர் சுடா தாடா,” என்றார். உங்கள் டாக்டர் இப்போது இல்லை என்று பொருள். டாக்டரின் மகள் யாழினி காரைப் பழுது பார்க்கக் கொண்டுவருவதாக இருந்தாராம். வர முடியாது என்று விடியற்காலையில் போன் செய்து காரணத்தைச் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று ஆ மெங் நினைத்துவிட்டார்.

நான் எந்த வாட்சாப் குழுவிலும் இல்லை. அது நானாக எடுத்த முடிவு. இருந்தாலும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அதே ஈப்போவில் இருந்த டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்தபின் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

பிறகு காம்பாரில், அவர் இயற்பியல் கற்பித்த, நானும் வேலை செய்த கல்லூரியில், ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். துறையின் இளம் பொறுப்பாளர் ஒருவர் பேசினார். “டாக்டர் அமைதியின் வடிவம். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை” என்றார். நான் எழுந்துவிட்டேன்.

“தம்பி, நீங்க யாரப் பத்திப் பேசுறீங்க?”

பின்னால் இருந்த ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அங்கிள், உக்காருங்க லா.”

நான் உட்காரவில்லை. “என்கிட்ட அவங்க பேசின பேச்சக் கேட்டிருந்தா நீங்க காதுல பஞ்சு வச்சிருப்பீங்க” என்றேன். கூட்டத்தில் யாழினிதான் முதலில் சிரித்தார். சிரித்தவர் அப்படியே அழுதார்.

அங்கே இருந்த உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். நான் அவைமரியாதை தெரியாதவன் என்று அன்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்மேல் ஒரு பூச்சைப் பூசி அனுப்புவது எனக்கு ஒத்துவராது. பூச்சு என்ற ஒன்றைப் பற்றித்தான் நானும் அவரும் சண்டை போட்டோம். போட்டது ஒரே சண்டை, அது முடியவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் எழுதச் சொன்னதும் அதைத்தான்.

நான் பிறந்தது சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். அப்பா ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றது. பிறகு ஈப்போவில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்து, கையில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்து, ஒருவழியாகக் கல்லூரிப் பட்டறையில் தொழில்நுட்ப உதவியாளன் ஆனேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. அதனால் யார் சொல்லியும் நான் எதையும் கேட்பதில்லை. டாக்டர் புவனேஸ்வரியோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் உத்தியோகம் பார்த்த குடும்பம். அவருடைய தாத்தா வேறொரு தோட்டத்தில் கிராணியாராக இருந்தவர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். காலைப் பெரட்டுக்கு நாம் வரிசையில் நிற்கும்போது எதிரே மேசை போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டவர்கள் கிராணிமார்கள்.

அவர் பட்டறைக்கு முதன்முதலாக வந்த நாளில், வேண்டுமென்றே, “வாங்க கிராணியம்மா, பெரட்டுக்கு நாங்க ரெடி” என்றேன். வேறு யாராவதாக இருந்தால் மேலிடத்தில் புகார் செய்திருப்பார்கள். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

“ஓம், பேர் சொல்லுங்கோ” என்றார்.

“அந்தோணி.”

“அந்தோணி லேட்டு. அரைப் பேர்” என்றார்.

நேரம் கழித்து வந்தவருக்கு அரைநாள் சம்பளம் போடுவதை அரைப் பேர் என்பார்கள். அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் ஒரு படத்தை என் மேசைமேல் விரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு டாக்டர், நான் அவருக்கு அண்ணே. கோபம் வந்தால் மட்டும் கிராணியம்மா, அரைப் பேர்.

அந்தப் படம் ஒரு துகள் காட்டும் பெட்டியினுடையது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் பூமியில் விழுந்துகொண்டிருக்கின்றன. இதைப் படிக்கும்போதும் உங்கள் கை வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்துக் காட்ட ஒரு வழி உண்டு. பேக்கலைட் பலகைகள் இரண்டை, நடுவே ஒரு காசு நுழையும் அளவு இடைவெளி விட்டு, ஓரம் முழுக்க ஒட்டிவிட வேண்டும். பழைய வீடுகளில் கறுப்பு சுவிட்ச் செய்தார்களே, அதே குடும்பத்துப் பொருள்தான் பேக்கலைட். இடைவெளியில் வாயுவை ஓடவிட்டு, பலகைகளுக்குப் பலத்த மின்னழுத்தம் கொடுத்தால், துகள் ஒன்று குறுக்கே போகும் இடத்தில் வாயுவுக்குள் ஒரு சின்ன மின்பொறி வெட்டும். அதை எண்ணிக்கொள்ளலாம். கார் ஏர்கோனில் போடுகிற வாயுவே இதற்கும் ஆகும். ஆ மெங் எங்கள் கதைக்குள் வந்தது அப்படித்தான்.

சிக்கல் பலகையின் உள்முகத்தில் இருக்கிறது. அங்கே மயிரளவு மேடு இருந்தாலும், துகள் எதுவும் வராமலே மின்சாரம் அந்த மேட்டிலிருந்து கசியும். இன்னொன்று, மின்பொறி பட்ட வாயுவிலிருந்து கொஞ்சம் அமிலம் பிறந்து பலகையை மெல்லத் தின்னும். அதனால் உள்முகத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசிக் காயவைக்க வேண்டும், அது பலகையைக் காக்கும் என்றார் டாக்டர். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் அப்படிச் செய்வதுண்டு. பூசாமல் செய்கிறவர்களும் உண்டு. நான் பூசாத கட்சி. பலகையை ஒழுங்காகத் தேய்த்து வழவழப்பாக்கினால் எண்ணெய் எதற்கு? தேய்க்கச் சோம்பல்படுகிறவர்கள் கண்டுபிடித்த வேலை அது என்றேன்.

“அண்ணே, என் அப்பா கிரிக்கெட் ஆடுனவர்” என்றார் அவர். “வீட்டுல ஒரு பேட் இருந்துச்சு. மழைக்காலம் வந்தா அதுக்கு இதே எண்ணெயப் பூசி வெயில்ல வைப்பார். ஈப்போ மழையில நம்ம வீட்டுக் கதவு இத்துப்போச்சு, அலமாரி இத்துப்போச்சு. அந்த பேட் அப்படியே இருக்கு. வந்து பாருங்க.”

“எங்க லயத்துக்கும் பூசினாங்க டாக்டர்” என்றேன். “பெரிய தொர வாரார்னு தெரிஞ்சா போதும், எங்கள வேல வாங்குற தண்டல் சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டு வந்திருவாரு. உள்ள பலக பூரா கரையான். மேல வெள்ள வெளேர்னு இருக்கும். தொர பாத்துட்டு ‘பாகுஸ், பாகுஸ், ரொம்ப நல்லாருக்கு’னு சொல்லிட்டுப் போயிருவாரு. அடுத்த மழைக்கு என் தங்கச்சி படுத்திருந்த பக்கம் சொவரு விழுந்துச்சு. பூச்சுன்னா எனக்கு அதுதான்.”

அவர், “தங்கச்சிக்கு அடிபட்டுச்சா?” என்று கேட்டார். கால் போயிற்று என்றேன். அவர் கண் கலங்கியது. ஆனால், இரங்கல் கூட்டத்தில் பேசியவர் கவனிக்க வேண்டும், அதற்காக அவர் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது மறைக்கிற பூச்சுண்ணே. இது காக்கிற பூச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு நீங்க சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். என்னைப் பார்த்து இரக்கப்பட்டுத் தோற்றுக்கொடுத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நான் மதித்ததில்லை. இவர் இரக்கமும் பட்டார், விடவும் இல்லை. இவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் இரண்டு பெட்டிகள் செய்வதென்று முடிவானது. ஒன்று எண்ணெய் பூசியது, ஒன்று பூசாதது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரே வாயு, ஒரே மின்னழுத்தம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. அதற்கு அவர் போட்ட நிபந்தனையை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

“உங்க பலகைய நான் தேய்க்கிறேன். என் பெட்டிக்கு நீங்க எண்ணெய் ஊத்துங்க. அப்பத்தான் பின்னால ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்ல முடியாது.”

“நான் வேணும்னே கெடுத்துட்டா?”

“கெடுக்க மாட்டீங்க. உங்களுக்குத் தலக்கனம் ஜாஸ்தி. கெட்ட வேலை செஞ்சு ஜெயிக்கிறது உங்களுக்குக் கேவலம்.”

அவர் என் பலகைகளைத் தேய்த்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணல்தாளை நீரில் நனைத்து, வட்டமாகத் தேய்ப்பார். கன்னத்தைப் பலகையோடு ஒட்டினாற்போல் குனிந்து வெளிச்சத்தில் பார்ப்பார். மறுபடி தேய்ப்பார். “போதும் டாக்டர்” என்று நான் சொன்னபோதும் நிறுத்தவில்லை. தன் கட்சி தோற்றுவிடக்கூடும் என்று தெரிந்தே அத்தனை பாடுபட்டார். விரல்நுனிகளில் தோல் உரிந்து, கரும்பலகையில் எழுத முடியாமல் சுண்ணக்கட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்து வகுப்பு எடுத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். காரணம் இதுதான்.

நானும் குறை வைக்கவில்லை. ஒட்டி மூடிய பெட்டியை நிமிர்த்தி, கீழ்மூலையில் குழாய் வைத்து, எண்ணெயை உள்ளே ஏற்றி, பிறகு மெல்ல மெல்ல இறக்கினேன். வேகமாக இறக்கினால் படலம் வரிவரியாக நின்றுவிடும். மீன்தொட்டிப் பம்பு ஒன்றை மாட்டி, ஈரம் எடுத்த காற்றை நாட்கணக்காக உள்ளே ஓட்டிக் காயவைத்தேன். பட்டறை முழுக்க அந்த எண்ணெய் வாசம். அவர் கதவைத் திறந்ததும் மூச்சை இழுத்து, “அப்பா வாசம்” என்றார். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

இரண்டு பெட்டிகளும் வருடக்கணக்கில் ஓடின. நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றபோது அந்த அறை வேறு எதற்கோ வேண்டுமென்றார்கள். பெட்டிகள் சிலிபினில் என் வீட்டுப் பின்னறைக்கு வந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் டாக்டர் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வருவார். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் ஆரம்பிங்க, நான் கோயிலுக்குப் போய்ட்டு வாரேன்” என்று கிளம்பிவிடுவார். நாட்கள் போகப் போக என் பெட்டியில் மின்கசிவு கொஞ்சம் கூடியது. பலகையின் முகம் எரிகிறது என்றார் டாக்டர். முகத்துக்கு ஒன்றுமில்லை, ஓரத்து ஒட்டு வழியாகக் கசிகிறது என்றேன் நான். யார் சொல்வது சரியென்று பார்க்க ஒரே வழி, பெட்டியைப் பிளப்பது. பிளந்தால் மறுபடி மூட முடியாது, பெட்டி அதோடு போயிற்று. அதனால் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும், ஓடட்டும் என்று இருவருமே தள்ளிப்போட்டோம்.

பிறகு அவர் சனிக்கிழமைகளில் வருவது நின்றது. நான் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலில் மிகவும் சின்னதாகத் தெரிந்தார். பேச்சு மட்டும் சின்னதாகவில்லை.

“திறந்தீங்களா?”

“நீங்க எந்திரிச்சு வாங்க. சேந்து திறப்போம்.”

“நான் வராட்டி?”

“அப்பத் திறக்க மாட்டேன்.”

“அது ஆராய்ச்சி இல்லண்ணே, பிடிவாதம்” என்றார். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, “திறக்கணும். யார் தோத்தாங்கன்னு எழுதணும். இங்கிலீஷ்ல நாலே நாலு பேர் மட்டும் படிக்கிற இடத்துல வேணாம். தமிழ்ல, நம்ம ஆளுங்க படிக்கிற மாதிரி எழுதுங்க” என்றார்.

“நீங்க தோத்திருந்தா?”

“அதையும் எழுதுங்க. பூசி மெழுகாம எழுதுங்க.”

நான் சரியென்று சொல்லவில்லை. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். திறந்தால் ஒரு விடை கிடைத்துவிடும். விடை கிடைத்தபின் சனிக்கிழமைகளில் நான் யாரோடு பேசுவது? அவர் இருக்கும்போதே இந்தக் கேள்வி எனக்கு வந்துவிட்டது. அவர் போனபின் அது இன்னும் பெரிதானது. பெட்டிகள் ஓடும்வரை நாங்கள் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அதனால்தான் செய்தி கேட்ட அன்றும் ஆ மெங்கிடம் காலி சிலிண்டரை நீட்டி, “நிரப்பிக் கொடு” என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு நிரப்பிக் கொடுத்தார்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து சில நாட்களில் யாழினி என் வீட்டுக்கு வந்தார். செய்தி சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர் கொண்டுவந்த கறிபாப்பை வாங்கிக்கொண்டேன். அவருக்கு அம்மாவின் முகவாய்.

“அங்கிள், அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நீங்க திறக்க மாட்டீங்களாம். ‘அந்தோணியண்ணே இன்னும் லேட்டா இருக்காரு, அரைப் பேர் போட்டுட்டேன்னு சொல்லு’ன்னாங்க. எனக்கு அர்த்தம் புரியல.”

எனக்குப் புரிந்தது. வாயுவை நிறுத்தினேன். மின்சாரத்தை நிறுத்தினேன். அத்தனை வருடம் கேட்டுப் பழகிய இரைச்சல் நின்றதும் வீடு வேறு வீடுபோல் இருந்தது. மெல்லிய கத்தியை ஓரத்தில் செலுத்தி, ஒட்டை அறுத்து, முதலில் என் பெட்டியைப் பிளந்தேன். யாழினி மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

பலகையின் முகம் எரிந்திருந்தது. தேமல் படர்ந்ததுபோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தன. ஓரத்து ஒட்டில் ஒரு குறையும் இல்லை. திட்டுகளுக்கு நடுவே, அமிலம் எட்டாத இடங்களில், பலகை இன்னும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. அது டாக்டர் தேய்த்த தேய்ப்பு. என் பெட்டி இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே அந்தக் கையால்தான்.

பிறகு அவருடைய பெட்டி. தேன் நிறத்தில் ஒரே சீராக எண்ணெய்ப் படலம். அதன்கீழ் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. ஒரு மூலையில் மட்டும் படலம் தடித்துச் சுருங்கியிருந்தது. மேலே தோல்போல் காய்ந்து, அடியில் எண்ணெய் பச்சையாகவே நின்றிருந்தது. காற்று படாத இடத்தில் எண்ணெய் காயாது. எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சி. “இங்க பாருங்க, இதத்தான் நான் சொன்னேன்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, அந்தப் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றியவன் நான். அவர் அதில் கை வைக்கவே இல்லை.

யாழினி, “அங்கிள், யார் தோத்தது?” என்றார்.

டாக்டர் கேட்டபடி, பூசி மெழுகாமல் எழுதுகிறேன். நான் தோற்றேன். எண்ணெய் பலகையைக் காத்தது. காக்கிற பூச்சு என்று ஒன்று உண்டு. எங்கள் லயத்துச் சுவரைப் பற்றி நான் சொன்னது மாறவில்லை, அதையும் இதையும் ஒன்றாக்கியது செல்லாது. அவர் இருந்திருந்தால் இதை என் வாயிலிருந்து வாங்கியிருக்க முடியாது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அமைதியானவர் என்று சொன்ன தம்பிக்கும், அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்கும் சொல்கிறேன். அவர் சண்டைக்காரர். எதிராளியின் பலகையைத் தன் விரல் உரியத் தேய்த்துக் கொடுத்துவிட்டுச் சண்டை போட்டவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இந்த வயதில் இதைப் பழக முடியுமா என்று தெரியவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு, அவருடைய பக்கத்து வேலியையும் சேர்த்து நானே ஆணி அடித்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

என் எரிந்த பலகைகளை யாழினி எடுத்துக்கொண்டார். அம்மா கையால் தேய்த்த பலகை தனக்குத்தான் வேண்டும் என்றார். எண்ணெய் பூசிய பலகை என்னிடம் இருக்கிறது. பின்னறை ஜன்னலோரம், அந்தக் காயாத மூலைக்குக் காற்று படும்படி சாய்த்து வைத்திருக்கிறேன். அறைக்குள் போனால் பட்டறை வாசம் வருகிறது. தினமும் எழுந்ததும் அந்த மூலையைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்று காலையும் விரலில் ஒட்டியது.